ஆச்சி வீட்டு விறாந்தையில் கேட்ட சத்தம்: ஒரு கொம்பவுண்ட் வில்லை அடக்கிய கதை

ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கம் போகிற வழியில் எங்கள் வளவு இருக்கிறது. முன்னுக்கு என் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை, பின்னுக்கு நீளமாக ஒரு வெறுங்காணி. அந்தக் காணியில்தான் என் அக்காவின் மகன், 17 வயது, போன வருடம் தொடக்கம் வில் பழகுகிறான். வில்லை அனுப்பியவர் ஒன்ராறியோவில் இருக்கும் என் மச்சான். அங்கே உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர், தனக்குப் புதியது வாங்கியதும் பழைய வில்லை விளையாட்டுப் பயிற்சிக்கென்று உரிய அனுமதியோடு பெடியனுக்கு அனுப்பிவைத்தார். வேட்டைக்கென்று செய்த வில் என்றாலும் இங்கே அதன் வேலை இலக்குக்கு அடிப்பது மட்டும்தான். மானும் மரையும் 1937ஆம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்டவை, அந்தப் பேச்சுக்கே எங்கள் வளவில் இடமில்லை.

பிரச்சினை சத்தம். அம்பை விட்டதும் முதலில் 'டக்' என்று ஒரு அடி, அதோடு ஒட்டிக்கொண்டு தகரத்தில் வண்டு மாட்டினது மாதிரி ஒரு 'ஸ்ர்ர்ர்', கூடவே பிடித்திருக்கும் கையில் பெருவிரல் அடி வரைக்கும் ஒரு உதறல். பெடியனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்து வளவு ஆச்சிக்குத் தெரிந்தது. 2009இல் யுத்தத்தின் கடைசி வரைக்கும் உள்ளே இருந்து வந்தவர் அவர். எதிர்பாராமல் எந்தச் சத்தம் கேட்டாலும் கையில் இருப்பது கீழே விழும். யானைக்கு வெடி போட்டால் அந்த இரவு முழுக்கத் தூங்க மாட்டார். ஒருநாள் பின்னேரம் வேலிக்கு வந்து, "தம்பி, பிள்ளை விளையாடட்டும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை, உந்தச் சத்தத்தைத்தான் கொஞ்சம் குறைக்க ஏலுமோ எண்டு பாருங்கோ" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பெடியன் ஏற்கெனவே ஒரு வைத்தியம் பார்த்திருந்தான். சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி நாணின் நடுவுக்குக் கிட்ட நாலு இடத்தில் கட்டியிருந்தான். சத்தம் கொஞ்சம் மந்தமானது உண்மை, ஆனால் அம்பு ஒரு சாண் கீழே போய் விழுந்தது, ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்த அம்புகள் சிதறவும் தொடங்கின. காரணம் லேசானது: நாணின் நடுப்பகுதி கிட்டத்தட்ட அம்பின் வேகத்திலேயே ஓடுகிறது, அங்கே ஏற்றுகிற ஒவ்வொரு கிராமையும் வில் அம்போடு சேர்த்துத் தள்ளத்தான் வேண்டும். அதே றப்பரை வில்லின் நுனிச் சில்லான கேமுக்குக் கிட்டக் கொண்டுபோனால் வேகம் அவ்வளவு குறையாது. சரி, எல்லாவற்றையும் கழற்றடா, முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம் என்று சொன்னேன். எஞ்சினில் ஒரு தட்டல் கேட்டால் ஒயிலைத் தடிப்பாக்கி மறைக்கிற மெக்கானிக் மாதிரி வேலை செய்ய எனக்கு விருப்பமில்லை.

அடிப்படையை ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். வில்லை இழுக்கும்போது நாங்கள் போடுகிற சக்தி லிம்ப் என்கிற, வில்லின் வளைகிற கைகளில் சேர்கிறது. நாணை விட்டதும் அதில் பெரும்பங்கு அம்புக்குப் போகும், முழுவதும் போகாது. மிச்சம் லிம்பிலும் நாணிலும் சில்லுகளை இணைக்கிற கேபிளிலும் கேமிலும் தங்கி, ஆடி, கைக்கும் காதுக்கும் வந்து சேர்கிறது. கொம்பவுண்ட் வில்லில் கேம் என்கிற கோணல் சில்லு இருக்கிறபடியால் (மிசூரியைச் சேர்ந்த ஹோலெஸ் வில்பர் அலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற யோசனை அது) குறைந்த நீளத்துக்குள் நிறையச் சக்தியை அடைக்கலாம். அதனால் மிஞ்சுவதும் ஒரே வெட்டில் வெளியே வரும். ஆகவே சத்தத்தைக் குறைக்க இரண்டு வழிதான். மிஞ்சுகிற சக்தியைக் குறைப்பது, அல்லது மிஞ்சியதை எதிலாவது உறிஞ்ச வைப்பது. றப்பர் எல்லாம் இரண்டாவது வகை. முதலாவதைத் தொடாமல் இரண்டாவதில் காசு போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அளக்கிறதுக்குப் பெரிய கருவி ஒன்றும் இல்லை. கைத்தொலைபேசியில் இருக்கிற டெசிபெல் காட்டும் செயலிகளை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை, இப்படி ஒரு நொடியின் சிறு துண்டுக்குள் வந்து போகிற அடியை அவை சராசரியாக்கி விழுங்கிவிடும். அதற்குப் பதிலாக ஒலியைப் பதிவுசெய்து, கணினியில் ஓடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் திறந்து அலையின் உருவத்தைப் பார்த்தோம். பிளாஸ்டிக் கதிரையில் தொலைபேசி, வில்லிலிருந்து பக்கவாட்டில் இரண்டு மீற்றர், அதே அம்பு, காற்று விழுந்த பிறகு பின்னேரம், ஒவ்வொரு தடவையும் பத்து அம்பு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். திரையில் முதலில் ஒரு கூர்மையான முள், அதற்குப் பின்னால் நீளமான வால், இன்னும் தள்ளிச் சின்னதாக இன்னொரு முள் தெரிந்தது. அந்தச் சின்ன முள் அம்பு இலக்கில் குத்துகிற சத்தம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதைத்தான் நாங்கள் மிகப் பிந்திக் கவனித்தோம்.

முதல் சோதனை அம்பின் பாரம். இது எனக்குத் தோன்றியதல்ல, மச்சான் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி அதுதான். அம்பு அவர் அனுப்பியது இல்லை, இங்கே கொழும்பில் ஒரு கடையில் எடுத்தது. அதைக் கொண்டுபோய்ப் புதுக்குடியிருப்பில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தோம். பட்டறைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தட்டில் குறுக்கே அம்பைச் சமநிலையாக வைத்து, அது ஆடி நிற்கும்வரை மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க வேண்டும். 18.9 கிராம். அம்புக்காரர்கள் பேசுகிற கணக்கில் ஒரு கிரெயின் 0.0648 கிராம், ஆக 292 கிரெயின். அடுத்தது இழுவைப் பாரம். நெல் மூட்டை நிறுக்கிற தொங்கு தராசை மா மரக் கொப்பில் கட்டி, அதன் கொளுவியில் நாணை மாட்டி, வில்லை மெதுவாகக் கீழே இழுத்துப் பார்த்தால் ஆகக் கூடியது 27 கிலோ காட்டியது, கிட்டத்தட்ட 60 இறாத்தல். வில் செய்கிறவர்கள் பொதுவாகச் சொல்கிற எல்லை, இழுவையில் ஒரு இறாத்தலுக்கு அம்பில் குறைந்தது 5 கிரெயின். எங்களுடையது அதற்கும் கீழே நின்றது.

இது சத்தப் பிரச்சினை மட்டுமல்ல, ஆபத்து. அம்பு இல்லாமல் நாணை விட்டால் வில் உடையும் என்பது பழகுகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. அளவுக்கு மிஞ்சி லேசான அம்பும் அதே பாதையில் பாதித் தூரம் போகிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் சக்தி திரும்பி வில்லுக்குள்ளேயே அடிக்கிறது. பெடியன் இத்தனை மாதமாக அதைத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்து அடித்திருக்கிறான் என்று நினைக்க வயிறு கலங்கியது. அன்றைக்கே லிம்ப் போல்ற்றை மேலே இரண்டு சுற்று, கீழே இரண்டு சுற்று, கணக்காக எண்ணித் தளர்த்தினோம், தராசு 25 கிலோவுக்கு இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே அளவு தளர்த்த வேண்டும், வில்லின் கையேடு சொல்கிற எண்ணிக்கைக்கு மேல் ஒரு கால் சுற்றுக்கூடத் தளர்த்தக் கூடாது, லிம்ப் கழன்று வந்துவிடும். பாரமான அம்பு மச்சானிடமிருந்து வந்து சேரும் வரைக்கும் இதுதான் ஏற்பாடு.

வந்த அம்பு 27.0 கிராம், 417 கிரெயின். முனையை மட்டும் பாரமாக்கினால் போதாதா என்று பெடியன் கேட்டான். போதாது, முனையில் பாரம் கூடினால் தண்டு விடுபடும்போது கூடுதலாக வளையும், ஆகவே அந்தப் பாரத்துக்கும் இழுவைக்கும் ஏற்ற விறைப்புள்ள தண்டாகவே எடுப்பித்தோம். முதல் அம்பை விட்டதும் பெடியன் வில்லை இறக்கி என்னைப் பார்த்தான். அவனுடைய முகத்திலேயே விடை இருந்தது. 'டக்' என்றது 'தொப்' ஆகிவிட்டது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம், எனக்கு மிகப் பிடித்த இடம் இது. இலக்கு 20 மீற்றர். முதல் முள்ளுக்கும் சின்ன முள்ளுக்கும் இடையில் பழைய அம்பு, பழைய இழுவையில் 0.285 செக்கன். எங்கள் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகும், ஆகவே இலக்கிலிருந்து சத்தம் திரும்பி வர 0.057. அதைக் கழித்தால் அம்பு பறந்த நேரம் 0.228, வேகம் செக்கனுக்குச் சுமார் 88 மீற்றர். புது அம்பு, குறைந்த இழுவையில் இடைவெளி 0.33, வேகம் 73. பெடியனுக்குக் கவலை வந்துவிட்டது, 15 மீற்றர் போய்விட்டதே என்று. ஆனால் அம்பு சுமந்து போகிற சக்தியைப் பாருங்கள்: பாரத்தில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். பழையது ஏறக்குறைய 73 ஜூல், புதியதும் ஏறக்குறைய 73 ஜூல். தொலைபேசிப் பதிவை வைத்துப் போட்ட கணக்கு, ஓரிரண்டு ஜூல் இங்கே அங்கே இருக்கும். என்றாலும் இரண்டு கிலோ குறைவாக இழுத்து அதே சக்தியை அம்பில் ஏற்றியிருக்கிறோம். முன்பு கூடுதலாக இழுத்ததெல்லாம் கையை உதறவும் ஆச்சியைத் திடுக்கிட வைக்கவும்தான் போயிருக்கிறது.

வேட்டைக்காரர்களுக்கு இந்தச் சத்தம் ஏன் பெரிய விஷயம் என்பதும் இதே கணக்கில் தெரியும். 20 மீற்றரில் நிற்கிற மானுக்கு நாண் சத்தம் 0.06 செக்கனில் போய்விடும், அம்பு போக 0.27. எவ்வளவு வேகமான வில்லும் ஒலியை முந்தாது. இடையில் மான் பாய்வதற்காகக் காலை மடக்கிக் கீழே பதுங்கும், அம்பு முதுகுக்கு மேலால் போகும். மச்சான் இதைச் சொல்லும்போது, சத்தமான வில் நல்ல அடியைக் காயம்பட்ட மிருகமாக்கிவிடும், அதுதான் தனக்குப் பயம் என்றார்.

அடுத்தது அந்த 'ஸ்ர்ர்ர்'. இதை மோட்டார் சைக்கிளில் சத்தம் தேடுகிற மாதிரியே தேடினேன். வில்லை மேசையில் படுக்கவைக்காமல், பெடியன் கைப்பிடியில் தளர்வாகப் பிடித்துத் தூக்கி வைத்திருக்க, நான் விரல் முட்டியால் ரைசர் என்கிற நடு உடம்பைத் தட்டிக்கொண்டே மற்றக் கையால் ஒவ்வொரு பாகமாக அழுத்திப் பிடித்தேன். வில் ஆடாமல் இருக்க முன்னுக்கு நீட்டியிருக்கிற ஸ்டபிலைசர் தண்டைப் பிடித்தேன், சத்தம் அப்படியே. கேபிளை அம்பின் வழியிலிருந்து விலக்கி வைக்கிற கேபிள் காவலைப் பிடித்தேன், கொஞ்சம் குறைந்தது. குறிபார்க்கும் சைட்டின் தாங்கியில் விரல் வைத்ததும் சத்தம் செத்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டு திருகாணியில் ஒன்று முழுதாக இறங்கவே இல்லை, அடியில் கறுப்பாகத் தேய்ந்த மினுக்கம் இருந்தது, நீண்ட காலம் ஆடியிருக்கிறது. திருகாணி தளராமல் பிடிக்கிற நீல நிற லொக்டைட் பசை ஒரு துளி போட்டு இறுக்கினோம். சிவப்பு வேண்டாம், பிறகு லேசில் கழற்ற முடியாது. அதுவும் அலுமினியத்தில் வெட்டின மரை, எஞ்சின் போல்ற் இறுக்குகிற கையோடு இறுக்கினால் மரை உரிந்து வரும். கேபிள் ஓடுகிற சறுக்கி காய்ந்து மணல் பிடித்திருந்தது, துடைத்துவிட்டோம். அலையில் வாலின் பெரும்பகுதி இந்த ஒரு பின்னேரத்தில் போனது, செலவு ஒரு துளி பசை.

நாண் நிறுத்தியின் றப்பரையும் அதோடு பார்த்தோம். அம்பு போன பிறகு முன்னால் பாய்கிற நாணைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. எங்களுடையது நகத்தால் குத்தினால் அடையாளம் விழாத அளவுக்கு இறுகிப்போய், நாணிலிருந்து எட்டு மில்லிமீற்றர் தள்ளி நின்றது. அவ்வளவு தூரம் ஓடி வந்து கல்லில் முட்டுகிற மாதிரி. கடையில் கிடந்த பழைய பெற்றோல் டாங்கின் தாங்கி றப்பரில் ஒரு துண்டு வெட்டித் தற்காலிகமாகப் பொருத்தி, நாணுக்கும் அதற்கும் நடுவில் வங்கி அட்டை ஒன்று நுழைகிற இடைவெளி விட்டோம். நாணோடு அமர்த்தி வைக்கக் கூடாது, அம்பின் போக்கு கெடும்.

கேம் விஷயம்தான் பொறுமையைச் சோதித்தது. முழுதாக இழுத்து வைத்துப் பெடியன் நிற்க, பக்கத்தில் நின்று பார்த்தால், மேல் கேமின் தடுப்பு கேபிளில் தொட்ட பிறகும் கீழ்க் கேமுக்கு இன்னும் மூன்று மில்லிமீற்றர் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இல்லாவிட்டால் அம்பு விடுபடும்போது ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், வில் இரண்டு தடவை உதறும். காரணம் எங்கள் கவனக்குறைவு. வில்லைத் தகரக் கொட்டிலுக்குள் கூரைக்குக் கீழே தொங்கவிட்டிருந்தோம், சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் நாணும் கேபிளும் ஒரே அளவாக நீளாமல் ஒன்று கூடவாக நீண்டுவிட்டது. திருத்தம் என்னவோ கேபிளில் சில முறுக்குக் கூட்டுவது மட்டும்தான், ஆனால் அதற்குக் கேபிளைக் கழற்ற வேண்டும், அதற்கு வில்லை அமர்த்திப் பிடிக்கிற பிரஸ் வேண்டும். என் கடையில் ஜாக் இருக்கிறது, ஸ்பிரிங் அமர்த்துகிற கருவி இருக்கிறது, செய்து பார்த்தால் என்ன என்று ஒரு எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன். செய்யவில்லை. லிம்ப் தப்பினால் கண்ணோ பல்லோ போகும். மாங்குளத்தில் பஸ் ஏறிக் கொழும்பில் பயிற்சி கொடுக்கிற ஒரு இடத்துக்குக் கொண்டுபோய், அவர்களுடைய பிரஸில் போட்டு இரண்டு முறுக்கு ஏற்றி எடுத்து வந்தோம். கையில் இருந்த உதறல் அதோடு நின்றது. வில் இப்போது உள்வீட்டில், சுவரோரம், துணி உறைக்குள் இருக்கிறது.

சின்ன வேலைகள் இரண்டு. அம்பின் இறகு எங்கேயாவது உரசுகிறதா என்று பார்க்க இறகில் முகப்பவுடர் பூசி அடித்தோம், அம்பு இருக்கிற தாங்கியின் ஒரு விரலில் வெள்ளைக் கோடு விழுந்தது, அம்பை நாணில் கொளுவுகிற அடிமுனையான நொக்கைக் கொஞ்சம் திருப்பிவிட்டதும் கோடு இல்லை. தாங்கியில் தையற்கடையில் வாங்கிய கம்பளித் துணித் துண்டு ஒட்டினோம், இழுக்கும்போது வருகிற உரசல் சத்தம் போனது. இவ்வளவுக்கும் பிறகுதான் மச்சான் அனுப்பிய றப்பர்களைப் போட்டோம். லிம்பில் இரண்டு, நாணில் கேம் பக்கமாக இருந்து கால்பங்கு தூரத்தில் இரண்டு. கேட்கிற மாதிரி வித்தியாசம் இருந்தது, பெரிதாக இல்லை. இதையே முதலில் போட்டிருந்தால் தளர்ந்த திருகாணியும் ஆபத்தான அம்பும் அப்படியே உள்ளே ஒளிந்திருக்கும்.

திரையில் அலை அழகாக இருந்தது. முள் குட்டையாகி, வால் இல்லாமல். பெருமையோடு ஆச்சியிடம் போய்க் கேட்டேன். ஆச்சி யோசித்துவிட்டு, "இல்லையே தம்பி, எனக்கு அது அப்பிடியேதான் கேக்குது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அன்று பின்னேரம் தொலைபேசியை ஆச்சி வீட்டு விறாந்தையில், அவர் இருக்கிற கதிரையிலேயே வைத்துப் பதிவுசெய்தோம். வில்லின் முள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது. அதற்குப் பின்னால் வந்தது ஒரு மலை. இலக்கு நிற்பது காணியின் மறு கோடியில், ஆச்சியின் வேலிக்குப் பக்கத்தில், நாங்கள் நிற்பதோ இருபது மீற்றர் தள்ளி. இலக்கென்பது வைக்கோல் கட்டுகளை இறுக்கி அடுக்கி, பின்னால் அம்பு தப்பாமல் இருக்க ஒரு கூரைத் தகரம். அம்பு குத்துகிற ஒவ்வொரு தடவையும் வைக்கோல் பின்னால் தள்ளித் தகரத்தில் அடிக்கிறது, தகரம் 'டமார்' என்கிறது. இத்தனை நாளும் எங்கள் காதுக்கு வில் கிட்ட, தகரம் தூர. ஆச்சிக்கு மறுபக்கம். அந்தச் சின்ன முள்ளை வைத்து அம்பின் வேகம் வரைக்கும் கணக்குப் போட்ட எனக்கு, அது யாருடைய காதுக்குப் பெரிய முள் என்று ஒருக்காலும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு தகரத்தைப் பிடுங்கினோம். அந்த இடத்தில் குளக்கட்டு மாதிரி ஆளுயரத்துக்கு மேல் மண் அணை கட்டி, லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தில் மண் ஏற்றி இறக்க இரண்டு நாள் போனது. அதன் முன்னால் மரச்சட்டத்தில், நாலைந்து யூரியாப் பைகளுக்குள் பழைய துணியை அமர்த்தித் திணித்துக் கயிற்றில் தொங்கவிட்டோம். தொங்குகிற பை அம்பு குத்தும்போது கொஞ்சம் பின்வாங்கிக் கொடுக்கிறது, நிறுத்துகிற தூரம் கூடுகிறது, அடி மெதுவாகிறது. பைக்கு மேல் போனாலும் அணை பிடித்துக்கொள்ளும். பதிவில் அந்த மலை ஒரு மேடாகிவிட்டது, 'புஸ்' என்று தலையணையில் குத்தினது மாதிரி.

ஆச்சியிடம் இந்த முறை நான் போய்க் கேட்கவில்லை. பெடியன் அடித்துக்கொண்டிருக்க வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். விறாந்தையில் இருந்து சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார், ஆறு அம்பு போனது, கை நிற்கவில்லை.

இன்னும் இரண்டு வேலை மிச்சம். நாண் மூன்று வருடம் பழையது, நூல் பஞ்சு பறக்கத் தொடங்கியிருக்கிறது, மெழுகு பூசிச் சமாளிக்கிறோம், அதோடு கேபிளையும் சேர்த்து மாற்ற வேண்டும், மாற்றினால் கேம் நேரத்தைத் திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டும். மற்றது யூரியாப் பை, வெயிலில் ஐந்தாறு மாதம்தான் தாங்கும். மாரி தொடங்க முதல் அதற்கு மேல் ஒரு கிடுகுக் கூரை போட வேண்டும். தகரம் போடுவோம் மாமா, மழை ஒழுகாது என்றான் பெடியன். கிடுகுதான் என்று சொல்லிவிட்டேன்.